சிலியின் தலைநகர் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் தலைநகர் புவனோஸ் அயர்ஸ் எவ்வளவு தூரம்? விமானத்தில் எவ்வளவு நேரம்?

நேர்கோட்டில் சுமார் 1,140 கிலோமீட்டர்தான். விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். திரும்பி வரும்போது கொஞ்சம் கூடுதலாகும். ஆண்டிஸ் மலைக்கு மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று போகையில் தள்ளிவிடும், வருகையில் எதிர்க்கும்.

சாலை வழி என்றால் கணக்கே வேறு. அர்ஜென்டினாவின் மென்டோசா நகர் வழியாகச் சுமார் 1,400 கிலோமீட்டர். பேருந்தில் ஒரு நாள் அப்படியே போய்விடும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் பனி கொட்டினால் மலைக்கணவாயையே மூடிவிடுவார்கள்.

சாண்டியாகோவில் ஏறும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் கொஞ்ச நேரத்திலேயே 6,961 மீட்டர் உயர அகொன்காகுவா சிகரம் தெரியும். அப்புறம், கடிகாரம்: சிலியின் குளிர்காலத்தில் அர்ஜென்டினா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், கோடையில் இரண்டும் ஒரே நேரம்.