எல்.டி.எல். அளவு மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. அப்பாவுக்கு 49 வயதிலேயே மாரடைப்பு வந்தது. என் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 104, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 230. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?

பதில்: அந்த 49 என்ற எண்தான் எனக்குக் கவலை தருகிறது. அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், வழக்கமான கொழுப்புப் பரிசோதனையோடு நிறுத்தக் கூடாது.

என் அண்ணனின் அறிக்கையைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொன்னவன் நான். 46 வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அப்புறம்தான் லிப்போபுரோட்டீன் (ஏ) பார்த்தோம். எல்.டி.எல். போலவே ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒரு துகள் அது. மிக அதிகம். எனக்கும் அப்படியே. இது பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது. உணவும் உடற்பயிற்சியும் இதை அதிகம் அசைக்காது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறோம். தெரிந்தால் எல்.டி.எல்., ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றில் கண்டிப்பு காட்டலாம்.

உங்கள் டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டியிருப்பதால் அபோ பி-யும் பாருங்கள். கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இந்தத் துகள்களில் இருக்கும் ஒரு புரதம் அது. எல்.டி.எல். கணக்கு துகள்களுக்குள் உள்ள கொலஸ்ட்ராலின் அளவைச் சொல்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியும் துகள்கள் எத்தனை என்பதைச் சொல்வது அபோ பி. ஏனென்றால் ஒரு துகளுக்கு ஒரு அபோ பி மட்டுமே இருக்கும். சர்க்கரை அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் எடுப்பதென்றால், சளி காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். அப்போது அது எப்படியும் ஏறித்தான் இருக்கும்.