வேலூரில் வெயில் அடித்தால் கடலில் டைவ் போகலாமா?

காட்பாடியிலிருந்து வார இறுதியில் புதுச்சேரி போய், மூழ்கிய கப்பலைப் பார்க்க ஸ்கூபா இறங்கலாமா, வானிலைச் செயலி வெயில்தான் காட்டுகிறதே என்கிறீர்கள். அந்த வெயில் கடலுக்குப் பேசாது. இன்காய்ஸ் (கடல் தகவல் தரும் மத்திய அரசு நிறுவனம்) வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதிலும் அலை உயரத்தைவிட அலைக்கு அலை எத்தனை நொடி என்பதே முக்கியம்.

5 நொடி அலையின் நீளம் சுமார் 39 மீட்டர். அலையின் ஆட்டம் அந்த நீளத்தில் பாதி ஆழம்வரைதான் எட்டும். 20 மீட்டருக்குக் கீழே தெரியாது. 14 நொடி அலையோ ஆழ்கடலில் சுமார் 300 மீட்டர் நீளம். படகிலிருந்து பார்த்தால் கடல் சாதுவாக இருக்கும், 30 மீட்டர் ஆழத்தில் முன்னும் பின்னும் இழுத்துத் துருப்பிடித்த தகட்டில் மோத வைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். நம்ம பாலாறு பெருகினால் அந்தச் சேறு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேரும். அப்போது கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி, புதுச்சேரிப் பக்கம்தான். மழை விட்டாலும் கலங்கல் உடனே தெளியாது. பிப்ரவரி, மார்ச் தேவலை.

இங்கே ஓதத்தால் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், அதனால் ஓதம் பார்த்துக் காத்திருப்பதில் பெரிய லாபமில்லை. டைவ் இடத்தில் கட்டியிருக்கும் மிதவையைக் கவனியுங்கள். நீரோட்டத்தின் வேகத்தில் அது நீருக்குள் அமுங்கினால் திரும்பிவிடுங்கள். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் சிலிண்டர் காற்று சீக்கிரம் தீரும். கடற்காற்று எழும் முன், காலையிலேயே இறங்குங்கள்.

அன்று இரவே ஏலகிரி ஏறும் திட்டம் வேண்டாம். உயரம் போனால், டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். 18 மணி நேரமாவது கழியட்டும்.