கணவர் பெயரில் எண்ணெய் நிறுவனப் பங்குகள்: தரகரிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் கணவர் 1990-களில் வாங்கிய ஓர் எண்ணெய் நிறுவனத்தின் 400 பங்குகள் காகிதப் பத்திரமாக இருக்கின்றன. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த நிறுவனத்தைக் கைப்பற்ற வேறொரு நிறுவனம், பொதுப் பங்குதாரர்களின் பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்க ஓப்பன் ஆஃபர் அறிவித்திருக்கிறது. நிர்வாகம் எதிர்க்கிறது. "எதிராளி கைக்குப் போனால் பத்திரம் வெறும் காகிதம்" என்று சொல்லி, சந்தை விலையில் பாதி தருவதாக ஒரு தரகர் நிரப்பாத மாற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. பங்குகள் இன்னும் உங்கள் கணவர் பெயரில் இருக்கின்றன. உங்கள் கையெழுத்தால் அவற்றை விற்க முடியாது. 2019 ஏப்ரல் 1 முதல் காகிதப் பங்குகளைப் படிவம் எழுதிக் கைமாற்றுவதையும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு நிறுத்திவிட்டது. தேதியில்லாத படிவத்தைக் கேட்பவர் எந்தத் தேதியை எழுதப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து அந்த "எதிராளி" பயம். நிர்வாகத்தின் சம்மதத்தோடு வந்தால் இணக்கமான கைமாற்றம், சம்மதமில்லாமல் வந்தால் வலிந்து கைப்பற்றுதல். இந்தப் பெயர்கள் நாற்காலியில் இருப்பவர்களுக்குத்தான் முக்கியம். 1984-இல் அமெரிக்காவின் கல்ஃப் ஆயில் நிறுவனத்தை பூன் பிக்கன்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் வளைக்கப் பார்த்தார். அதற்கு அஞ்சிய நிர்வாகம் தனக்கு உகந்த ஆளைத் தேடி, இன்று செவ்ரான் எனப்படும் நிறுவனத்திடம் போனது. பங்குக்கு 80 டாலர் கிடைத்தது. வலிய வந்தவரால் சிறு பங்குதாரர்களுக்கு லாபமே. மாறாக, 2010-இல் கெய்ர்ன் இந்தியா எண்ணெய் நிறுவனத்தை வாங்க வேதாந்தா செய்த ஒப்பந்தம் முழுக்க இணக்கமான பேரம். ஆனால் பங்குக்கு, விற்ற தாய் நிறுவனத்துக்கு 405 ரூபாய், பொதுமக்களுக்கு 355 ரூபாய் என்றே முதலில் அறிவித்தார்கள். போட்டித் தொழில் செய்யாமல் இருப்பதற்கான தொகை என்ற பெயரில் வைத்த அந்த 50 ரூபாயைப் பின்னர் கைவிட்டார்கள். 2011-இல் வந்த செபி விதிகள் இந்த வழியை அடைத்துவிட்டன. அப்படிக் கொடுக்கும் தொகையும் ஆஃபர் விலையில் சேர வேண்டும்.

அதே விதிகளின்படி, ஒரு நிறுவனத்தின் பங்குகளில் 25 விழுக்காட்டை எட்டுபவர் பொதுப் பங்குதாரர்களிடம் குறைந்தது 26 விழுக்காட்டுக்கு ஆஃபர் தர வேண்டும். ஆகவே உங்கள் 400 பங்குகளையும் எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். பொதுமக்கள் கையில் 50 விழுக்காடு இருந்து எல்லோரும் கொடுத்தால், உங்களிடமிருந்து 208-தான் எடுப்பார்கள், மீதி திரும்பிவிடும். கொடுத்த பங்குகளை இடையில் திரும்பக் கேட்க முடியாது. ஆஃபர் திறந்திருப்பது 10 வேலை நாட்கள். விலை உயர்ந்தால் அது திறப்பதற்கு முன்பே உயரும். சுயேச்சை இயக்குநர்கள் குழுவின் கருத்தும் அதற்கு முன்பே நாளிதழில் வந்துவிடும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 10 நாட்கள்தான். அதற்குள் பங்குகள் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் கணவர் பெயருக்கு முன் ஓர் இனிஷியல். இறப்புச் சான்றிதழில் இரண்டு. நிறுவனத்தின் பங்குப் பதிவாளர் அலுவலகம் இந்த ஓர் எழுத்துக்காகவே மனுவைத் திருப்பி அனுப்பும். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு இன்றே எழுதுங்கள். இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வேண்டும்; மதிப்பு அதிகமென்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க நேரலாம். உயில் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகளுக்கும், மாமியார் உயிரோடிருந்தால் அவருக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. அவர்களது சம்மதக் கடிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள். பங்குகளை மின்னணு வடிவில் வைக்க உங்கள் பெயரில் டீமேட் கணக்கும் தொடங்குங்கள்.

தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகையை எடுக்காமல் விட்டிருந்தால் பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கலாம். பதிவாளருக்கு எழுதும் கடிதத்திலேயே அதையும் கேளுங்கள். அப்படிப் போயிருந்தாலும் உரிமை போகாது. தனி மனு கொடுத்து மீட்கலாம். ஆனால் இந்த ஆஃபருக்குள் கைக்கு வருவது கடினம். அசல் பத்திரத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்தத் தரகருக்கு நகல்கூட வேண்டாம்.