பைக் கைமாறியது, ஆர்.சி. மாறவில்லை

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். 2021-இல் ஊரை விட்டுக் கிளம்பும்போது என் பைக்கை நண்பனுக்கு 28,000 ரூபாய்க்கு விற்றேன். முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவன் பெயர் மாற்றவே இல்லை. கடந்த ஆண்டு அவன் தம்பி ஓட்டிச் சென்று மோதியதில் ஒருவர் காலை இழந்துவிட்டார். 18 லட்சம் கேட்டு என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மகன் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி அம்மா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நண்பன் மீது மோசடி வழக்குப் போடலாமா?

பதில்: நண்பன் செய்ததை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மோசடி வழக்குப் போட்டாலும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு அது உதவாது. விபத்து நடந்த அன்று ஆர்.சி. யார் பெயரில் இருந்தது என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள். அது உங்கள் பெயரில் இருந்தது. விற்றதை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் கடமை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, விற்றவருக்கும் உண்டு. படிவத்தில் கையெழுத்திட்டு வாங்கியவரிடம் கொடுத்ததோடு அந்தக் கடமை தீராது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் கார் பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனக்குக் கவலை தருவது அம்மா திருப்பி அனுப்பிய அந்த நோட்டீஸ்தான். வெளிநாட்டில் இருப்பவனை என்ன செய்துவிட முடியும் என்று இருந்துவிட்ட கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வழக்கை ஒருதரப்பாக நடத்தி முடித்துவிடுவார்கள். ஊனத்தின் சதவீதத்தையோ காயம்பட்டவரின் வருமானத்தையோ உங்கள் சார்பில் கேள்வி கேட்க ஆள் இருக்காது. அதே சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி அந்தத் தொகையை நிலவரிப் பாக்கிபோல ஆட்சியர் மூலம் வசூலிக்கலாம். ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த பிறகுதான், தன் பெயரில் இருந்த வீட்டின் மீது ஜப்தி நடவடிக்கை நடப்பதையே தெரிந்துகொண்டார். ஆகவே வழக்கறிஞரை நியமிக்கும் வக்காலத்தை, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்த வாரமே அனுப்புங்கள். ஏற்கெனவே ஒருதரப்புத் தீர்ப்பு ஆகியிருந்தால், அது தெரியவந்த 30 நாட்களுக்குள் அதை நீக்கக் கோரி மனுப் போட வேண்டும்.

முக்கியமான ஒரு விவரத்தை நீங்கள் எழுதவில்லை. விபத்தன்று மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்ததா? இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். தம்பியிடம் ஓட்டுநர் உரிமம் இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். உரிமம் இல்லையென்றால் நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க வரும்.

காப்பீடு இல்லையா? அப்படியானால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். காலை இழந்தவருக்குக் கிடைக்க வேண்டிய பணம் அது. மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தொகையைக் குறைக்க முடியும். அங்கே முடிந்தால் மேல்முறையீடும் கிடையாது. நண்பனையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டு, அவன் பங்கையும் அங்கேயே கேளுங்கள். கொடுக்க மறுத்தால், நீங்கள் கட்டியதைத் திரும்பப் பெறத் தனியாக உரிமையியல் வழக்குப் போடலாம். உங்கள் முத்திரைத்தாள் பயன்படப்போவது அந்த வழக்கில்தான்.

விற்பனை அறிவிப்பில் பழைய தேதி போட்டுக் கொடுத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பணத்தோடு முடிய வேண்டிய விவகாரம் போலி ஆவணக் குற்ற வழக்காகிவிடும்.

பைக் இப்போதும் உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, தூதரகச் சான்றொப்பத்துடன் அனுப்புங்கள். பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதைக் கொண்டு அம்மா இன்றைய தேதியிட்டுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கட்டும். நடந்த விபத்துக்கு அது பயன்படாது. அந்தத் தம்பி நாளை இன்னொருவர் மீது மோதினால் அந்த வழக்காவது உங்களைத் தேடி வராது.