மஞ்சளை அள்ளிப் பூசினேன், அம்மிச்சி முகம் கறுத்துப் போச்சுங்க

கேள்வி: எங்க அம்மிச்சி வெத்தலை போட்ட வாயோட வாய்விட்டுச் சிரிச்ச ஒரு போட்டோவைப் பார்த்து, 16க்கு 20 அங்குல கேன்வாஸ்ல அக்ரிலிக்ல வரைஞ்சிட்டிருக்கேனுங்க. அவங்க வெள்ளைச் சேலைதான் கட்டுவாங்க. படம் சந்தோஷமா இருக்கட்டும்னு பின்னாடி முழுக்கப் பளீர்னு மஞ்சள் அடிச்சேன். முகம் அழுக்கேறின மாதிரி ஆயிடுச்சு. சரி பண்ணப் பண்ணச் சேறாகுது. முகத்துல பச்சை, ரோஸ், நீலம்னு வெச்சு நவீனமா வரையவும் ஆசை. எங்க தப்புங்க?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முகத்தை விடுங்கள், பின்னாலிருக்கும் மஞ்சளைப் பாருங்கள். டியூபிலிருந்து வரும் நிறங்களில் வெள்ளைக்கு அடுத்து வெளிச்சமானது அதுதான். மாநிற முகத்தைச் சுற்றி அதை நிரப்பினால், வெயிலடிக்கும் ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் முகம் இருட்டாகத் தெரிவதுபோல ஆகிவிடும். போதாததற்கு, மஞ்சளுக்குப் பக்கத்திலிருக்கும் எதிலும் நம் கண் அதன் எதிர்நிறமான ஊதாவைக் கொஞ்சம் கலந்து பார்க்கும். பழுப்பில் ஊதா ஏறினால் அழுக்காகத்தான் படும். முகத்தை வெளுக்க வைக்க வெள்ளையைச் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். வெள்ளை டியூபான டைட்டானியம் ஒயிட் வெளிச்சத்தைக் கூட்டும்போதே நிறத்தின் சூட்டை, அதாவது மஞ்சள், சிவப்புச் சாயலைக் குறைத்து, சாம்பல் பூத்ததுபோல ஆக்கிவிடும்.

வீட்டில் பவானி ஜமக்காளம் இருந்தால் விரித்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக, ஒன்றுக்குள் ஒன்று கரையாமல், விளிம்பு கூராக நிற்கும். சிவப்பு அவ்வளவு சிவப்பாகத் தெரிவது பக்கத்துப் பச்சையால். சந்தோஷத்துக்கென்று தனி நிறம் ஒன்று கிடையாது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் பின்னணியை மாற்றுங்கள். அல்ட்ராமரின் நீலத்தில் பச்சை சேர்த்து, முகத்தைவிட ஒரு படி இருட்டான மயில்கழுத்து நிறம் கலந்து இரண்டு பூச்சு கொடுங்கள். தோளையும் தலையையும் ஒட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குப் பழைய மஞ்சளை அங்கங்கே விட்டுவிடுங்கள். அந்தக் கீற்று போதும், உருவம் பின்னணியிலிருந்து எழுந்து வரும்.

அடுத்தது முகம். போட்டோவை போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம், நடு, இருட்டு என்று மூன்று படியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு படிக்கும் சூடான கலவை ஒன்று, அதற்கு ஜோடியாக பச்சை, நீலச் சாயலுள்ள குளிர்ந்த கலவை ஒன்று. வெளிச்சத்துக்கு யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளும் வெள்ளையும் துளி ஆரஞ்சும்; அதன் ஜோடி வெள்ளையில் லெமன் யெல்லோவும் நீலம் ஒரு பொட்டும் சேர்ந்த இளம்பச்சை. நடுவுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் ஆரஞ்சும். ஜோடி, வெள்ளை கலந்த கிரிம்சன் ரோஸ். இருட்டுக்கு பர்ன்ட் சியன்னாவும் கிரிம்சனும். ஜோடி, அல்ட்ராமரினில் கொஞ்சம் சியன்னா. கறுப்பு டியூபைத் தொடவே வேண்டாம். ஆறையும் அட்டையில் தடவி, காய்ந்த பிறகு கறுப்பு வெள்ளையில் படமெடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும், அதனால் ஈரத்தில் எடுத்த படம் ஏமாற்றும். ஜோடி இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், ஒன்றின் இடத்தில் மற்றதைத் தைரியமாக வைக்கலாம். முகத்தில் பச்சையோ நீலமோ வைத்தாலும் முகம் முகமாகவே நிற்பது இந்தக் கணக்கால்தான். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-ல் வரைந்த படத்தில் தன் மனைவியின் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைப் பட்டையை இழுத்தார். வெளிச்சப் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பிரிக்கிற இடத்தில் அது இருப்பதால், பார்க்கிறவருக்கு அது முகமாகவே படுகிறது.

சேறாவதற்குக் காரணம் தேய்ப்பது. ஒரு கலவையில் வெள்ளை போக இரண்டு நிறம், மிஞ்சினால் ஒரு பொட்டு மூன்றாவது. ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ்ஷில் எடுத்து, ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லையென்றால் காயவிட்டு மேலே வையுங்கள், ஈரத்தோடு திருத்தாதீர்கள். பிரஷ் கழுவ ஒரு டம்ளர், அலச இன்னொன்று. நம்ம ஊர் வெயிலில், மின்விசிறியும் சுற்றினால் கலவை தட்டிலேயே தோலாகிவிடும். விசிறியை நிறுத்தி, தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டுக் கலக்குங்கள்.

சிரிப்பைத்தான் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். நிஜமாகச் சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கீழிமையைத் தள்ளி, கண்ணை வில்லாக வளைத்துவிடும். வாயை மட்டும் விரித்துக் கண்ணை அகலத் திறந்து வைத்தால் போட்டோவுக்குச் சிரித்த முகம்தான் கிடைக்கும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பைப் பழுப்புக் கோடாக இழுக்காதீர்கள், உடனே சோகம் வந்துவிடும். ஒரு பக்கம் சூடான நடுநிறம், அடுத்த பக்கம் அதன் குளிர்ந்த ஜோடி. இரண்டும் சந்திக்கிற விளிம்பே மடிப்பு. நெற்றிச் சுருக்கத்துக்கும் இதேதான். பல்லைத் தனித்தனியாகப் பிரிக்காமல், ஆக்கரும் சாம்பலும் தொட்ட ஒரே வெளிர் பட்டையாக வையுங்கள். வெற்றிலைக் காவி ஏறிய வாயின் உள்பக்கம் கறுப்பல்ல, கிரிம்சனும் சியன்னாவும் கலந்த ஆழ்ந்த சிவப்பு. படத்திலேயே ரொம்பச் சூடான இடம் அதுவாக இருக்கட்டும்.

வெள்ளைச் சேலையைக் குறையாக நினைக்க வேண்டாம், அது உங்களுக்குக் கிடைத்த வரம். ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1937-ல் வரைந்த 'பிரம்மச்சாரிகள்' படத்தைத் தேடி, வேட்டிகளை மட்டும் பாருங்கள்; ஒரே வெள்ளையாக இல்லை. உங்கள் சேலையிலும் நிழல் மடிப்புக்கு இளம் ஊதா, முகத்துக்குக் கீழே ரோஸ், பின்னணியை ஒட்டி வெளிர்பச்சை. சுத்த வெள்ளை இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம்.

நவீனமாக வரைய, அரூபம், அதாவது உருவத்தை அப்படியே காட்டாமல் விடுவது, எவ்வளவு என்பதற்கு எங்கள் யோசனை: கண்ணையும் வாயோரத்தையும் தெளிவாக வைத்து, காது, கூந்தல், தோளை வெறும் வண்ணத் திட்டுகளாக விடுங்கள். பின்னணி வெறுமையாகத் தெரிந்தால் குறிகள் போடலாம். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்து, 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துபோன்ற கிறுக்கல்களையும் ஜாதகக் கட்டங்களையும் கொண்டே படங்களை நிறைத்தார். அம்மிச்சியின் கோலப் புள்ளிகளோ ஜமக்காளப் பட்டையோ உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் பின்னணியின் நிறத்துக்கு அரைப் படி மட்டும் வெளிச்சமாகப் போடுங்கள், அதற்கு மேல் போனால் முகத்தோடு சண்டைக்கு வரும்.

எல்லாம் காய்ந்த பிறகு மஞ்சளை எடுங்கள். கன்னமேட்டின் உச்சி, காதின் விளிம்பு, தோள் மடிப்பு, இந்த மூன்று இடம் போதும். மஞ்சளுக்கு மறைக்கிற சக்தி குறைவு, நேராகப் பழுப்பின்மேல் வைத்தால் மங்கிப் பச்சையடிக்கும். முதலில் வெள்ளையைத் தடிப்பாக வைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, அதன்மேல் லெமன் யெல்லோவை மெல்லிசாக ஓட்டுங்கள்.