கேள்வி-பதில்: சிம்பொனி இசைத்தட்டு வாங்கியவர்கள்

கே: ஷூபர்ட்டின் 'முற்றுப்பெறாத சிம்பொனி' வாங்கினேன். இரண்டு பகுதியோடு நின்றுவிடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

ப: பெயரைப் படித்துவிட்டுத்தானே வாங்கினீர்கள்?

கே: ஃபுர்ட்வாங்லர் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திய ஷூமான் நான்காம் சிம்பொனி, பழைய எல்பி தட்டு. 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்ததால் மூவாயிரம் ரூபாய் கொடுத்தேன். குளியலறைக்குள் வாசிப்பதுபோல் கேட்கிறது. பிளேயரில் கோளாறா?

ப: பிளேயர் பாவம், அதைத் திட்டாதீர்கள். உங்களை ஏமாற்றியது உறை. அந்தப் பதிவு 1953இல் மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒரே ஒலியாக, எடுத்தது. ஃபுர்ட்வாங்லர் 1954லேயே காலமாகிவிட்டார். ஸ்டீரியோ எல்பி பரவலாகக் கடைக்கு வந்ததே 1958 வாக்கில்தான். அப்புறம் மோனோ விலைபோகாது என்று பயந்த கம்பெனிகள் ஒரு வேலை செய்தன. கீழ்ச்சுரங்களை ஒரு பக்கம், மேல்ச்சுரங்களை மறுபக்கம் ஒதுக்கி, மேலே கொஞ்சம் எதிரொலியையும் தெளித்து, ஸ்டீரியோ என்று விற்றார்கள். 'மின்னணு முறையில் மாற்றப்பட்டது' என்பதை மட்டும் பொடி எழுத்தில் ஒரு மூலையில் போடுவார்கள். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த சிம்பொனியில் நான்கு பகுதிகளும் இடைவெளியில்லாமல் ஓடும். மூன்றாவதிலிருந்து கடைசிப் பகுதிக்கு இசை மெல்ல மெல்லத் திரண்டு ஏறுகிற இடத்துக்காகத்தான் இந்தப் பதிவையே தேடி வாங்குகிறார்கள். எதிரொலி சேர்ந்தால் அங்கே எல்லாம் குழம்பிவிடும்.

விற்றவரின் விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். அதிலும் ஸ்டீரியோ என்றே இருந்தால் பணத்தைக் கேளுங்கள். இந்தியக் கடையாக இருந்து, மசியவில்லை என்றால், நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த முறை 'மோனோ' என்று நேர்மையாகப் போட்ட பதிப்பை வாங்குங்கள்.

கே: ஷூபர்ட் எட்டாம் சிம்பொனி கேட்டால் வேறு எதையோ அனுப்பியிருக்கிறார்கள். தட்டில் 'டி 944' என்று இருக்கிறது. விளம்பரப் படத்திலும் அதுதான் தெரிந்தது.

ப: வந்தது 'பெரிய சி மேஜர்'. ஜெர்மன் பட்டியலில் எட்டு அதுதான். மற்ற ஊர்களில் ஒன்பது. உங்களுக்கு வேண்டிய 'முற்றுப்பெறாத சிம்பொனி' டி 759. (டி என்பது ஷூபர்ட் படைப்புகளின் பட்டியல் எண்.) விளம்பரப் படத்திலேயே 944 தெரிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர்மேல் என்ன தப்பு? மெண்டல்சோன் பக்கம் போனாலும் இதே கூத்துதான்: 1833இல் அரங்கேறிய 'இத்தாலியன்' நான்காவது, 1842இல் வந்த 'ஸ்காட்டிஷ்' மூன்றாவது.

கே: சீல் பிரிக்காத சிடி பெட்டி என்றால் நம்பி வாங்கலாமா?

ப: நான் அப்படி வாங்கிய ஷூமான் பெட்டியில் மூன்றாம் தட்டு இரண்டு இருந்தது, இரண்டாம் தட்டு இல்லை. "சீல் பிரிச்சாச்சே சார்" என்றார் கடைக்காரர். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

கே: ஆல்பர்ட்டோ லிஸ்ஸியோ நடத்தியதாக ஒரு மலிவு சிடி கிடைத்தது. அவரைப் பற்றி எங்கும் தகவல் இல்லையே?

ப: அப்படி ஒரு மனிதரே இல்லை. ஆல்ஃபிரட் ஷோல்ஸ் என்பவர் மலிவுத் தட்டுகளுக்காகக் கட்டிவிட்ட பெயர் அது. வாசித்தவர்கள் நிஜம், பெயர்தான் பொய். காதுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.