பதில்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு தஞ்சோங் துவான் போகலாமா?

சகோதரி, ரந்தாவிலிருந்து அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் முனையிலுள்ள அந்தச் சின்னக் கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், ஆனால் அம்மாவை மேலே கலங்கரை விளக்கத்துக்கு ஏற்ற வேண்டாம்.

அங்கே போகத் தார் ரோடுதான். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல ஏற்றம், என் அம்மா பாதியிலேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்கடா" என்று தண்ணீர் போத்தலைப் பிடுங்கிக்கொண்டார். அங்கிருந்து பூலாவ் இந்தான் கடற்கரைக்கு இறங்கும் காட்டுப் பாதை இன்னும் மோசம். வேர்கள், வழுக்கும் மண். மழை பெய்த மறுநாள் போகவே போகாதீர்கள்.

அம்மாவுக்குக் கீழே புளூ லகூன் கடற்கரை போதும். நிழல் இருக்கிறது, அலை குறைவு. நீங்கள் மாறி மாறிப் பிள்ளைகளோடு ஏறிவிட்டு வாருங்கள். கடல் வற்றும் நேரத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் பாறைப் பக்கம் நடக்க இடமிருக்காது.

குரங்குகள் இருக்கின்றன. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் அது உங்களுடையது இல்லை. காரிலேயே பசியாறிவிட்டு ஏறுங்கள்.

மார்ச்சில் போனால் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன் பருந்துகளைப் பார்க்கலாம், பத்து மணிக்கு மேல்தான் நிறைய வரும். அப்புறம் ஒன்று: அந்த முனை நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குள் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.